ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை

கல்பகம் போனில் எதை வாங்கினாலும், விலையைப் பார்க்குமுன் ஒரு வரியைத் தேடுவாள்: ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அந்த வரி இருந்தால் பொருள் சுமாராக இருந்தாலும் போதும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தொடமாட்டாள். செருப்பு இரண்டு அளவில் வரும். ஒன்று திரும்பிப் போகும். ராணுவ அலுவலகத்தில் முப்பது வருஷம் ஸ்டெனோவாக இருந்தவள். அதிகாரி கையெழுத்துப் போடும்வரை எந்தக் கடிதத்தையும் மாற்றி அடிக்கலாம் என்பது அவள் உடம்பில் ஊறியிருந்தது.

கணவர் வெங்கடராமனுக்கு முழங்கால் ஆபரேஷன். வீட்டுக்கு வந்ததும் உயரமான, கைப்பிடி வைத்த நாற்காலி வேண்டும். தாழ உட்கார்ந்தால் எழ முடியாது என்றார் டாக்டர். திருமுல்கேரி கடை ஒன்றில் ஒரு தேக்கு நாற்காலியைப் பார்த்தாள். உட்கார்ந்து, எழுந்து, மறுபடியும் உட்கார்ந்து பார்த்தாள். குறையில்லை. ஆனால் கல்லாவுக்கு மேல் பலகை தொங்கியது: விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது. வீட்டில் அவருக்குச் சரிப்படவில்லை என்றால்? லோத்குண்டா வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவிலேயே போனில் வேறொன்றை ஆர்டர் செய்தாள்.

அது வெள்ளிக்கிழமை வந்தது. ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் புதன்கிழமைதான் உட்கார்ந்து பார்த்தாள். மெத்தை அப்படியே அழுந்தி, முழங்கால் முகவாய்க்கு வந்தது. உடனே ரிட்டர்ன் போட்டாள். எடுத்துப்போக ஆள் வந்து நின்றதோ அடுத்த வெள்ளிக்கிழமை, விளக்கேற்றும் நேரத்தில்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் கல்பகம் ஒரு கரண்டி தயிர்கூட வெளியே கொடுக்கமாட்டாள். அதிலும் நாளை அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வரப்போகிறார். அவருக்கென்று வாங்கிய நாற்காலி இன்று காலியாக வாசலைத் தாண்டுவதா?

"ஆஜ் நக்கோ பாய். ஜும்மா ஹை. கல் ஆவோ," என்றாள். இன்று வெள்ளிக்கிழமை, வேண்டாம், நாளை வாருங்கள் என்று அவர் பாஷையிலேயே.

வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டே வந்தவர் சிரித்தார். "ஜும்மா ஹமாரா ஹை அம்மா, ஆப்கோ கைக்கு?"

வெள்ளிக்கிழமை எங்களுடையதாயிற்றே, உங்களுக்கு என்ன என்று கேட்டவர், இன்றே கடைசி நாள் என்றும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை. அவர் படியிறங்குவதற்குள் போனில் செய்தி வந்தது: வாடிக்கையாளர் பொருளைத் தர மறுத்துவிட்டார். அதன்பின் அவள் அமுக்கிய பொத்தான் எதுவும் வேலை செய்யவில்லை. உதவி எண்ணில் ஒரு குரல், அவளுடைய பொறுமைக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தது. அவளிடம் அது சுத்தமாக இல்லை.

சனிக்கிழமை வெங்கடராமன் வந்து அதில்தான் உட்கார்ந்தார். பிறகு எழ முடியவில்லை. எதிர்வீட்டு நஸ்ரினும் அவளுமாகத் தூக்கியபோது வலியில் அவர் முகம் வெளுத்துவிட்டது. கட்டிலில் சாய்ந்து மூச்சு வாங்கியபின் சொன்னார்: "நல்லவேளை கல்பு, நேத்திக்கு டிஸ்சார்ஜ் பண்ணலை. வெள்ளிக்கிழமைன்னு என்னையும் ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்பியிருப்பே."

"கொடுக்கத்தான் கூடாது. வாங்கிக்கலாம்," என்று சிடுசிடுத்துவிட்டு, அவரை நஸ்ரினிடம் ஒப்படைத்து ஆட்டோ பிடித்தாள்.

தேக்கு நாற்காலி அங்கேயே இருந்தது. கடைக்காரர் பலகையைக் காட்டினார். "தெலுசு," தெரியும் என்றாள், எரிச்சலோடு.

சாயங்காலம் வெங்கடராமன் கைப்பிடியை ஊன்றி, யாரையும் கூப்பிடாமல் எழுந்தார். வாக்கரைப் பிடித்தபடி தானே பாத்ரூமுக்குப் போனார். கல்பகம் அலுப்போடு, திரும்பிப் போகாத அந்த மெத்தை நாற்காலியில் விழுந்தாள். போன் ஒலித்தது. இந்தப் பொருளுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது. பதில் சொல்லக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி மேஜையில் இருந்தது. எழ இரண்டு முறை முயன்றாள்.

"ஏன்னா," என்று கூப்பிட்டாள், "வெளியே வந்ததும் ஒரு கை கொடுங்கோ."