என் பேத்தி கையில் வந்த வெள்ளைப் பூ

போன ஆடியில் என் பேத்தி கைநழுவிப் போக இருந்தாள். காரணம் நான். மாரியம்மனை நம்பும் உங்களிடம் அதை மறைக்கமாட்டேன்.

நான் மூன்றாம் கிளாசோடு நின்றவன். மலையாள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பொட்டல் காட்டைத் தென்னந்தோப்பாக்கியது இந்தக் கை. யாரிடமும் யோசனை கேட்டதில்லை.

பேத்தி சிவகாமிக்கு நாலு வயது. எங்கள் அம்மன் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். எல்லோரும் நாக்கில் துளி வைப்போம். அவள் பிடி பிடியாகத் தின்றாள். "அம்மனே என்ற ஊட்டுல பொறந்திருக்கறாளுங்க" என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். கேட்டபோதெல்லாம் நானே அள்ளிக் கொடுத்தேன்.

பிள்ளை வெளுத்துப்போனாள். சோறு இறங்கவில்லை. மருமகள் கவிதா பொறுக்காமல் கேட்டாள்: "ஏனுங்க மாமா, சாமி மண்ணு சரிங்க. செவுத்துச் சுண்ணாம்பையும் சொரண்டித் திங்கறாளே, அதுல எந்தச் சாமிங்க இருக்குது? ஆஸ்பத்திரிக்குப் போலாங்க."

"படிச்ச திமிர்ல பேசாத" என்று அடக்கினேன்.

மறுநாள் வாசலில் நாலடி வைத்தவள் மூச்சிரைத்து விழுந்தாள். உதட்டில் நிறமே இல்லை. தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். "தாயே, தப்பு என் மேல் என்றால் காட்டு. வெள்ளைப் பூ வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்" என்று அழுதேன். பூசாரி வெள்ளையும் சிவப்பும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டார். சிவகாமியே ஒன்றை எடுத்தாள். பிரித்தால் வெள்ளை.

ஆஸ்பத்திரியில் மலையாள டாக்டரம்மா ரத்தம் சோதித்தார். "பெரியவரே, இது பக்தி அல்ல, அசுகம், நோயாக்கும். ரத்தத்துல இரும்புச்சத்து தீரெ இல்ல, துளியும் இல்ல. அதான் மண்ணு கேக்குது" என்றார்.

மூன்று நாள் படுக்க வைத்தார்கள். வயிற்றுப்பூச்சிக்கு மருந்தும் இரும்புச்சத்து டானிக்கும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபின், கவிதா மூடியில் போட்டுத் தந்த கோட்டைப் பார்த்து நானே ஊற்றினேன். ஒரு வேளை தவறவில்லை. "தோப்புக்கே தண்ணி பாச்சறவருக்கு ஒரு மூடி ஊத்த இத்தன நேரமுங்களா மாமா?" என்று சிரிப்பாள். மலம் கறுத்தபோது பயந்தேன்; மருந்து அப்படித்தான் என்றார்கள்.

சில வாரம் போனது. ஒரு காலை, "அப்பாரு, இன்னொரு தோசை" என்று தாத்தன் என்னிடம் கேட்டாள் சிவகாமி. கையெடுத்துக் கும்பிட்டேன். அன்று முதல் கவிதாவைக் கேட்காமல் வீட்டில் எதுவும் முடிவு செய்வதில்லை.

உங்கள் பிள்ளை மண்ணையோ சாம்பலையோ தேடினால் பெருமைப்படாதீர்கள். அம்மனை வேண்டுங்கள், பிள்ளையை டாக்டரிடம் காட்டுங்கள். நம்பிக்கை வரவில்லையா? என் வீட்டுக்கு வாருங்கள், சிவகாமியைக் காட்டுகிறேன். கொஞ்சம் காத்திருக்க வேண்டும். ஓடுகிறவளைப் பிடிக்க எனக்கு நேரமாகும்.