வரிச் சட்டம் சிடியில் வந்தபோது

கல்மண்டபம் பக்கம் ஒரு மாடியில் நானும் என்னோடு படித்த ஒரு பெண்ணும் கூட்டாக ஆடிட்டர் ஆபீஸ் நடத்தினோம். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. வரிச் சட்டம் முழுவதும் எங்களிடம் பத்து தடித்த ஃபைல்களில் இருந்தது. சட்டம் மாறும்போதெல்லாம் பதிப்பகம் புதுத் தாள்களைத் தபாலில் அனுப்பும். பழைய தாளை உருவிவிட்டுப் புதியதைச் செருக வேண்டும். அந்த வேலையில் நான் யாரையும் கைவைக்க விட்டதில்லை.

சந்தா முடிகிற சமயத்தில் கூட்டாளி, "இதை விட்டுட்டு சிடிக்கு மாறிடலாம்பா" என்றாள். ஒரு கம்பெனி இலவசமாக ஓட்டிப் பார்க்கக் கொடுத்த சிடி அவள் மேஜையில் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில், வருகிற முதல் கேள்வியை இரண்டிலும் தேடுவது, ஜெயிப்பதை வாங்குவது என்று முடிவானது.

கேள்வியோடு வந்தவர் காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரிக்காரர். வரி ஆபீசின் உத்தரவு அவருக்கு எதிராக வந்து சரியாக இரண்டு மாதம் ஆகியிருந்தது. அப்பீல் போட எத்தனை நாள் கெடு?

அவள் கம்ப்யூட்டர் உயிர் பெறுவதற்குள் நான் பக்கத்தைப் பிடித்துவிட்டேன். "மூணு மாசம் கெடு, இன்னும் ஒரு மாசம் இருக்கு" என்று சொல்லி, எல்லோருக்கும் டீ சொன்னேன். டீ வருவதற்குள் சிடி பேசியது. கெடு இரண்டே மாதம், இன்றுதான் கடைசி நாள்.

"உன் சிடிக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்றேன்.

"இன்னா சார், ஒரு மாசமா, இன்னிக்கா? எத்தயாவது ஒண்ணு சொல்லு நைனா. என் பொழப்பே இதுலதான் கீது" என்று பதறினார் ஐஸ்காரர்.

கூட்டாளி என் ஃபைலை இழுத்துப் பார்த்தாள். அந்தப் பக்கத்தின் ஓரமெல்லாம் என் பென்சில் குறிப்புகள். "இதுக்குப் புதுத் தாள் வரலையா?" என்று கேட்டாள்.

வந்திருந்தது. என் கீழ் டிராயரில் ஒரு கட்டாக இருந்தது. குறிப்பெழுதிய தாள்களைத் தூக்கிப்போட மனம் வராமல், அவற்றுக்குப் பதிலாக வந்த புதுத் தாள்களைப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு வருடமாக அங்கே சேர்த்துவைத்திருந்தேன். சிடி சொன்னதையேதான் புதுத் தாளும் சொன்னது.

அவசரமாக மனுவை அடித்துக் கையெழுத்து வாங்கினோம். ஐஸ்காரர் என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டார். துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து போனோம். லாரிக்காரர்களைத் திட்டி முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"நேத்து உருகுன ஐஸை பொட்டில வெச்சிகினு இருந்தா மீனு இன்னாவும் சார்? படிச்ச மனுசன், உனுக்குத் தெரியாதா?"

அப்பீல் ஆபீசில் கவுன்ட்டரை மூடப்போன குமாஸ்தா முணுமுணுத்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

மறுநாள் சிடி கம்பெனியின் விற்பனையாளர் வந்தார். கூட்டாளி அவரை என் மேஜைப் பக்கம் கைகாட்டினாள். நான்தான் கேட்டேன்.

"புது சிடி வந்தா பழசு என்ன ஆகும்?"

"தானா வேலை செய்யாம போயிடும் சார்."

"நான் நினைச்சாலும் ஓட்ட முடியாதே?"

"முடியவே முடியாது சார்."

"அப்போ கொடுங்க" என்றேன்.