கூட்டத்தோடு நின்றவள்

செவ்வாய்க்கிழமை காலை நிர்மலா தொலைபேசியில் அழைத்தாள். “ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. பூசையில என்னைப் படிக்கச் சொல்லாதீங்க. நம்பாததைச் சொல்ல எனக்கு வராதுங்க.” அழுதுகொண்டேதான் சொன்னாள். கரடியூர் ஸ்டெல்லாவை அறிந்த நம் மலை வாசகர்களான உங்களுக்கு, சென்னையில் கல்லூரிப் பேராசிரியையான அவள் மகள் நிர்மலாவையும் தெரியும்.

நானும் ஸ்டெல்லாவும் கான்வென்ட்டில் ஒரே பெஞ்சு. எஸ்டேட் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள். எங்கள் பங்குக் கோயிலில் யார் வேதம் வாசிப்பது என்று ஏற்பாடு செய்பவள் நான்; அவளைப் போல் திருத்தமாக வாசிப்பவர் எவருமில்லை, என்னையும் சேர்த்து. இதை நான் எளிதில் சொல்வதில்லை.

பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளைக் குரல் பிரித்து வாசிப்போம். கதை சொல்ல ஒருவர், இயேசுவாக ஒருவர். அவரைச் சிலுவையில் அறையச் சொல்லிக் கத்தும் கூட்டமாகக் கோயிலில் உள்ள அனைவரும். கதை சொல்லும் பகுதியை ஆண்டுதோறும் அவளுக்குக் கொடுத்தேன், ஆண்டுதோறும் மறுத்தாள். “அதை நீயே படிடி. உனக்குத்தான் கத்த வராது.”

ஒருமுறை அவள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். நிர்மலா சொன்னாள்: “உலகத்துக்கே ஒரே கதைன்னா எனக்குப் பயம்மா. பெருங்கதையாடல்னு சொல்லுவோம். சொல்றவங்க தங்களை நல்லவங்களா வச்சுக்கிட்டு, மத்தவங்க கதையை முழுங்கிடுவாங்க.”

நான் வாய் திறப்பதற்குள் ஸ்டெல்லா முந்திக்கொண்டாள். “நொம்பச் சரி கண்ணு. நம்மாளுங்களும் முழுங்கியிருக்காங்க. ஆனா வருசா வருசம் நாங்களே அவரைக் கொல்லச் சொல்லிக் கத்தறமே? சொல்றவங்களையே குத்தவாளியாக்கற கதை உன் பாடத்துல எங்க வருது?”

“அதுக்கும் ஒரு தியரி இருக்கும்மா.”

“இருக்கட்டும். ஒரு வருசம் எம்பக்கத்துல நின்னு கேட்டுப்போட்டு அப்புறம் சொல்லு.”

நிர்மலா வரவில்லை. ஒவ்வொரு பெரிய வெள்ளியும் பெஞ்சின் ஓரத்தை அவளுக்காகக் காலியாக வைத்து, வாசலைப் பார்த்தபடியே ஸ்டெல்லா கத்துவாள். எந்தப் புத்தகத்துக்கும் அஞ்சாத அந்தக் குரல் எங்கள் மலையின் பெருமை.

அடக்கத் திருப்பலியில் நான்தான் வாசித்தேன். எல்லாம் முடிந்தபின் நிர்மலா, “அம்மா எங்க நிப்பாங்க ஆன்ட்டி?” என்றாள். காட்டினேன். அந்த ஓரத்தில் போய் நின்றாள்.

“நம்பறேன்னு அர்த்தமில்லீங்க.”

“யாரு கேட்டா? பெரிய வெள்ளிக்கு வா. அன்னிக்குக் கத்தினவங்களும் நம்பலை.”

அழுத முகத்தோடு சிரித்தாள், அம்மாவைப் போலவே. வருவதாகச் சொல்லவில்லை.

கதை சொல்லும் பகுதியை இம்முறை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். ஸ்டெல்லாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, கூட்டத்தில் அவள் நின்ற இடம். பக்கத்து ஓரம் நிர்மலாவுக்காகக் காலியாகவே இருக்கும். எனக்குக் கத்த வராது, ஆனாலும் கத்துவேன்.