உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

காலையில் வேலைக்குக் கிளம்பிய மகள் சைக்கிளை உருட்டிப் பார்த்துவிட்டு அலுத்துக்கொண்டாள். “முன்சக்கரம் சுத்தவே மாட்டேங்குதும்மா. உப்புக்காத்துதான், வேற என்ன?” எனக்குச் சுரீரென்றது. அவளை பஸ்ஸில் அனுப்பிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

காரைக்காலில் எது கெட்டாலும் உப்புக்காற்றின் தலையில் போட்டுவிடலாம். ஜன்னல் கொக்கி, மிக்ஸி, ஃபேன்... ஒரு தடவை என் மாமனார் பல்வலிக்கே அதைத்தான் சொன்னார். கடல் வந்து மறுத்தா பேசப்போகிறது?

கிரீஸ் வாடை பட்டால் எனக்கு டிங்சர் வாடையும் சேர்ந்தே வரும். கல்யாணத்துக்கு முன் பக்கத்து ஊரான நெரவியில் இருந்தபோது காரைக்காலில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். சாவி என்னிடம்தான். காலையில் போய் ஷட்டரைத் தூக்குகிறபோது ராணி மாதிரி ஒரு நினைப்பு எனக்கு. நெரவியில் அதுவரை எந்த ராணியும் ஓட்டைக் கேரியர் சைக்கிளில் போனதில்லை.

அந்த சைக்கிளின் முன்சக்கரம்தான் மக்கர் பண்ணியது. பிரேக் கட்டை உரசுகிறதா என்று பார்த்தேன், இல்லை. ரிம் கோணவில்லை. மிதித்தால் மட்டும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போலிருக்கும். பாதி வழி தள்ளிக்கொண்டுதான் போவேன்.

சைக்கிளைப் பார்த்துக் கொடுத்தது அண்ணன். படித்துவிட்டு, அரசாங்க வேலைக்குப் பதிந்து வைத்துக் காத்திருந்தான். கவிழ்த்துப் போட்டு எண்ணெய் விட்டு, “உப்புக்காத்து உள்ள பூந்துருச்சு. இப்ப சரியாயிருச்சு, போ” என்பான். ஒரு நாள் ஓடும், மறுபடி இறுகும். இப்படி ஒரு அண்ணன் யாருக்கு வாய்க்கும் என்று கடையில் பெருமையடித்துக்கொள்வேன். கேட்டால் சிரிப்பீர்கள்.

கடைக்கார பாய் நல்லவர்தான். எத்தனை நாள் பொறுப்பார்? “காலைல இன்சுலினுக்கு ஆள் வந்து நிக்கிறாங்க, ஷட்டர் மூடிக் கெடந்தா நான் என்னம்மா செய்யிறது? வேற புள்ளய வச்சுக்கிறேன், கோவிச்சுக்காத” என்று சாவியை வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

அதன் பிறகு ரேஷன் கடைக்கு அதே சைக்கிளை எடுத்தேன். பறந்தது. மறுநாளும் பறந்தது, அடுத்த வாரமும். காற்று அதே காற்று, சைக்கிள் அதே சைக்கிள். கவிழ்த்துப் போட்டுச் சுற்றிவிட்டேன், நிற்காமல் ஓடியது. அச்சின் இரண்டு பக்கமும் கோன் என்று ஒரு திருகு இருக்கும். அதை அளவுக்கு மேல் முடுக்கினால் சக்கரம் இறுகிவிடும். உப்புக்காற்று துருப்பிடிக்க வைக்கும், ஸ்பேனர் பிடிக்காது. எங்கள் வீட்டில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான்.

அம்மாவிடம் ஓடினேன். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. “மூத்தவன் சும்மா இருக்கான், சின்னவ நீ சம்பளம் வாங்குனா அவன் மனசு என்ன பாடுபடும்? விட்டுத்தள்ளு.” அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் தள்ளிக்கொண்டு போனதையெல்லாம் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். அண்ணன் செய்ததைவிட அதுதான் இன்றைக்கும் எரிகிறது.

அண்ணனை நான் கேட்கவேயில்லை. கேட்டால் மறுபடியும் உப்புக்காற்று என்பான், அதைத் தாங்க முடியாது. பிறகு அவனுக்கு அரசாங்க வேலை கிடைத்தது. விசேஷங்களில் பார்த்தால் சிரித்துத்தான் பேசிக்கொள்கிறோம். மருந்துக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள்.

என் மகனுக்கும் இன்னும் வேலை அமையவில்லை. அவன் தங்கைதான் சம்பாதிக்கிறாள். வாசற்படியிலிருந்து எழுந்து உள்ளே போனேன். தோசை தின்றுகொண்டிருந்தான். அவன் விரல்களையே பார்த்தேன்.

“என்னம்மா, கையப் பாக்குற?”

“ஒண்ணுமில்லப்பா. சாப்புட்டுட்டு வா, சக்கரத்தக் கழட்டணும்.”

இருவருமாகக் கழற்றினோம். உள்ளே அச்சைச் சுற்றியிருந்த பால்ஸ் குண்டுகள் எல்லாம் செங்கல் நிறத்தில் துருப்பிடித்து ஒட்டிக்கிடந்தன. நிஜமாகவே உப்புக்காற்றுதான். அவன் பாவம், கடைக்கு ஓடிப்போய்ப் புது பால்ஸ் வாங்கி வந்து, வியர்க்க வியர்க்க மாட்டினான். சொன்னதும் நம்பிவிடுகிற ஒரு பெண் நெரவியில் இருந்தாளே, அவளை எனக்குள் தேடிப் பார்த்தேன், காணோம்.

வேலை முடிந்ததும் அவன் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டினேன்.