அரிகிருஷ்ணன் டெம்போவில் ஓடும் பாட்டு

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து தவளக்குப்பத்துக்கு ஷேர் டெம்போ ஓட்டுகிற அரிகிருஷ்ணனுக்கு மற்ற டிரைவர்கள் வைத்திருந்த பெயர் பாஸ்டர். நெற்றியில் திருநீறு, கண்ணாடிக்கு மேலே மாரியம்மன் படம், ஸ்பீக்கரில் இயேசு பாட்டு. இது எப்படி ஒத்துப்போகும் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். சில வருஷங்களுக்கு முன்னால் கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரரின் போனில் விடிந்ததும் இந்தப் பாட்டுகள் தொடங்கிவிடும். முதலில் நர்சிடம் புகார் சொன்னார். வீட்டுக்குக் கிளம்புகிற அன்று அத்தனையையும் தன் போனில் ஏற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். ஒருவர் தனியாகப் பாடிக்கொண்டிருக்க, பின்னால் பத்துப் பேர் ஒன்றாகச் சேர்ந்து எழும்புகிற இடம் வரும். அங்கே அவருக்கு உடம்பு சிலிர்க்கும். அதற்கு மேல் அவர் எதையும் யோசித்ததில்லை.

ஊரார் யோசித்தார்கள். ஆடி மாசம் மாரியம்மன் கோயில் செடல் திருவிழாவுக்கு மைக் செட்டும் சோற்றுக் குண்டானும் வருஷா வருஷம் அவருடைய டெம்போவில்தான் போகும். ஒரு வருஷம் விழாவை நடத்துகிற மளிகைக்கடைக் கலியமூர்த்தி, வேறு வண்டிக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

“நாலு பேரு நாலு விதமா பேசறாங்க அரி. நீ மாறிட்டேன்றாங்க.”

தான் மாறவில்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டு அரிகிருஷ்ணன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மறுநாள் துவரம்பருப்பு வாங்கப் போன அவர் மனைவி மாலா கலியமூர்த்தியிடம் நேராகவே கேட்டாள். “மாறிட்டாருதான் மாமா. முன்னல்லாம் முருங்கப்பாக்கம் டிராபிக்ல வண்டி நின்னா வூடு வர்ற வரைக்கும் திட்டிக்கினே வருவாரு. இப்ப பாடிக்கினு வர்றாரு. அது ஆத்தாளுக்கு ஆவாதா?” கலியமூர்த்தி பருப்பை நிறுத்துக் கொடுத்தார். திருவிழாவுக்கு வேறு வண்டிதான் போனது. அரிகிருஷ்ணன் கூட்டத்தோடு நின்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

அவருடைய டெம்போவில் தினமும் அரியாங்குப்பத்தில் ஏறுகிறவள் ஹேமலதா. டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. காதில் கழுத்தில் ஒன்றும் கிடையாது, பொட்டும் இல்லை. பார்த்ததுமே பெந்தகொஸ்தே என்று தெரிந்துவிடும். பக்கத்தில் உட்காருகிறவர்கள் எந்த நேரமும் துண்டுப் பிரசுரம் வரும் என்பதுபோல் கொஞ்சம் ஒதுங்கியே உட்காருவார்கள். புரட்டாசியில் ஒருநாள் இறங்கும்போது அவள், பாட்டு இவ்வளவு பிடிக்குமென்றால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்கு வந்து கேளுங்கள் என்றாள்.

அவர் போனார். பாட்டு முடிகிற வரைக்கும் கை தட்டிக்கொண்டு சந்தோஷமாகவே இருந்தார். பிறகு, புதிதாக வந்தவர்கள் எழுந்திருங்கள் என்றார்கள். எழுந்தார். நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு தலையில் கை வைத்து ஜெபிக்கத் தொடங்கினார்கள். ஒருவர், வெளியே நின்ற டெம்போவில் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துவிடலாமே பிரதர் என்று அன்பாகச் சொன்னார். அரிகிருஷ்ணன் மெதுவாக நழுவினார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர், இவளும் ஆள் பிடிக்கிறவள்தான் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

அவர் பாதியில் எழுந்து போனதைப் பார்த்த ஹேமலதா அதன் பிறகு அவருடைய டெம்போவில் ஏறவில்லை. வேறு வண்டிக்கு நின்றாள். அவரும் கூப்பிடவில்லை. ஐப்பசியில் நல்ல மழை நாளொன்றில் அவள் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. வண்டியை ஓரம் கட்டினார். முன்சீட்டில்தான் இடமிருந்தது.

கொஞ்ச தூரம் போனபின் அவளே பேசினாள். “ஆள் புடிக்கத்தான் கூப்புட்டேன்னு நெனச்சிருப்பீங்க அண்ணே.”

“வேற எதுக்கு கூப்புட்ட?”

“அங்க கோரஸ்ல நானும் பாடறேன். எங்க சபையில எல்லாரும் ஜெபத்துக்கு வர்றவங்க. பாட்ட பாட்டா கேக்கற ஆள நான் பாத்ததேயில்ல. நீங்க கேட்டுட்டு நல்லாருக்குன்னு சொல்லுவீங்கன்னுதான் கூப்புட்டேன்.”

தன்னை ஊர் என்ன செய்ததோ அதையே தானும் இந்தப் பெண்ணுக்குச் செய்திருக்கிறோம் என்று அரிகிருஷ்ணனுக்கு உறைத்தது. கடையில் தன்னிடம் யாரும் சினிமா பேசுவதில்லை, சிரித்தால்கூட ஆச்சரியமாகப் பார்க்கிறார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். நோட்டீஸ் கொடுக்கச் சொன்னால் கூச்சத்தில் பைக்குள்ளேயே வைத்துக்கொள்வாளாம்.

“நல்லாதான் இருந்திச்சி. மேல எழும்பிச்சே ஒரு பொம்பள கொரலு, அது நீயா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் சிரித்தது தெரிந்தது.

அடுத்த ஆடிக்குக் கலியமூர்த்தி போன் செய்தார். மற்ற டெம்போவுக்கு இஞ்சின் கோளாறாம். யாருடைய மனமும் மாறியதாக அரிகிருஷ்ணன் நம்பவில்லை. ஆனாலும் போனார். குண்டான்களை ஏற்றியபோது மாலா முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த மார்கழியில் தவளக்குப்பத்தில் நடந்த பாட்டுக் கூட்டத்துக்கு ஹேமலதாவின் பாட்டுக் குழுவை டவுனிலிருந்து அவர்தான் ஏற்றிப் போனார். நீங்கள் எந்தச் சபை பிரதர் என்று புதிதாக வந்த ஒருவர் கேட்டார். “நான் மாரியம்மன் கோயிலு” என்றார் அரிகிருஷ்ணன். அந்த ஆள் விழிப்பதற்குள் பின்னால் ஒத்திகை தொடங்கிவிட்டது. அவரும் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுச் சேர்ந்துகொண்டார்.

“அண்ணே, ரெண்டாவது வரில சுருதி கீழ எறங்குது” என்றாள் ஹேமலதா.

மரப்பாலம் தாண்டுகிற வரைக்கும் அந்த ஒரு வரியையே அவர் திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்தார்.