ஒரு புகைக்கூண்டு, இரண்டு அடுப்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அடுப்படி நாகரிகம் எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் இறங்கி வரும். முதலில் துரை பங்களாவில் ஒன்று புதிதாக முளைக்கும். கொஞ்ச நாளில் கிளாக்கர் ஐயா வீட்டிலும் அதே மாதிரி கட்டிவிடுவார்கள். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு அது வெறும் பேச்சாக வந்து சேரும். பங்களாவில் பாத்திரம் கழுவப் போகிற பெண்கள், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்று அளந்து தள்ளுவார்கள்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. அப்போது பீலிக்கரைப் பேச்செல்லாம் நின்றபடி சமைக்கிற அடுப்பைப் பற்றித்தான். இடுப்பு உயரத்துக்கு மேடையாம், மேடைக்குக் கீழே விறகு அடுக்க இடமாம், புகை வெளியே போகக் கூரைக்கு மேலே கூண்டாம். கிளாக்கர் வீட்டுச் சமையலறைத் தரைக்குச் சிவப்புச் சிமெண்டு பூசியிருக்கிறதென்று ஒருத்தி சொன்னாள். அதில் முகம் பார்க்கலாம் என்றாள் இன்னொருத்தி.

எனக்குக் கேட்கக் கேட்க எரிச்சலாக வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தால், பொழுது சாயும்வரை முதுகில் கூடையோடு மலையில் நிற்கிறவர்கள் நாங்கள். குந்தி உட்காரக் கிடைக்கிற இடமே அடுப்படிதான். அங்கேயும் நிற்க வேண்டுமாம்!

"நாள் பூரா நாற்காலியில ஒக்காந்திருக்கறவங்களுக்கு நின்னு பாக்க ஆசையா இருக்கும். எனக்கென்ன தலையெழுத்து?" என்று கேட்டேன். பீலிக்கரையே சிரித்தது.

ஆனால் அந்தப் புகைக்கூண்டின் மேல் எனக்கும் ஆசைதான். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு அறை, காம்பிரா என்போம். சமைப்பதும் படுப்பதும் அதற்குள்ளேயே. மழைக்காலத்தில் விறகு காயவே காயாது. ஊதி ஊதிக் கண் இரண்டும் பழமாகிவிடும். நாங்களாவது தாங்கிக்கொண்டோம். என் மகளுக்கு மூன்று வயது, இழுப்பு நோய். அடுப்பு மூட்டினாலே அவள் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். டிஸ்பென்சரி ஐயா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "மருந்து நான் குடுக்குறேன். இந்தப் பொகையிலேயே வச்சிருந்தீங்கன்னா பிள்ள தங்காது."

எங்களுடையது இரட்டை லயம். இரண்டு வரிசைக் காம்பிராக்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். எங்கள் வாசல் ஆற்றைப் பார்க்கும்; சுவருக்கு அந்தப் பக்கத்துக் குடும்பத்தின் வாசல் ரோட்டைப் பார்க்கும். அந்தப் பக்கம் இருந்தவளை நான் அக்கா என்பேன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். நான் வட்டகொடைப் பக்கத்திலிருந்து கல்யாணம் முடித்து வந்தபோது, இந்தத் தோட்டத்தில் என்னிடம் முதலில் சிரித்துப் பேசியவள் அவள்தான். பிள்ளை பெற்றுக் கிடந்த நாட்களில் லயத்தைச் சுற்றிக்கொண்டு வந்து கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அவள்தான். அவள் புருஷன் கங்காணி வேலை கிடைக்கும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் நான்தான் அவளிடம் சொன்னேன். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றே. அதில் ஒரு ஓட்டை போட்டு, இந்தப் பக்கம் ஒரு அடுப்பும் அந்தப் பக்கம் ஒரு அடுப்பும் கட்டினால், இரண்டு புகைக்கும் ஒரே கூண்டு போதுமே என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளைக்காகவாச்சும் கட்டுவோம் தங்கச்சி," என்றாள். கூரையை வெட்ட ஆபீசில் அனுமதி வேண்டுமே என்று என் வீட்டுக்காரர் தயங்கினார். அக்காவின் புருஷன் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து வந்து, "கணக்கப்பிள்ளை ஐயாகிட்ட சொல்லியாச்சு. தைரியமா வெட்டுங்க தம்பி," என்றார்.

என் வீட்டுக்காரருக்கு அப்போது தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை. இயந்திரம் பழுது பார்ப்பவருக்குக் கையாளாக இருந்ததால் தகரம் வெட்டவும் மடிக்கவும் தெரியும். ரோட்டு வேலையில் மீந்த தார்ப் பீப்பாயைத் தட்டி நிமிர்த்திக் குழாய் செய்தார். சாரல் எங்கள் பக்கமாக அடிக்கும் என்பதால் குழாயை அக்கா வீட்டுப் பக்கமே நிறுத்தினோம். எங்கள் புகை சுவர் ஓட்டை வழியாக அங்கே போய் ஏறும். கல் சுமந்ததும் மண் குழைத்ததும் நானும் அக்காவும். அவள் புருஷன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, பெரிய மேஸ்திரி மாதிரி யோசனை சொன்னார்.

அக்கா தன் அடுப்பைக் கிளாக்கர் வீட்டு உயரத்துக்கே கட்டிக்கொண்டாள். சுண்ணாம்பு அடித்து, பலகைத் தட்டுக்குக் காகிதத்தைப் பூப்பூவாக வெட்டித் தொங்கவிட்டாள். நான் என்னுடையதை முழங்கால் உயரத்தில் நிறுத்தினேன். முன்னால் ஒரு பலகை போட்டு உட்கார்ந்துகொள்வேன். "நீ எப்பவும் பட்டிக்காடுதான்," என்று அக்கா கேலி செய்தாள்.

அடுப்பு மூட்டிய முதல் நாள் புகை அப்படியே சுவருக்குள் போய்விட்டது. என் மகள் அடுப்புக்குப் பக்கத்திலேயே படுத்து, இழுப்பில்லாமல் தூங்கினாள். நான் அழுதேன். அதற்கு முன்னும் பின்னும் எந்த வீட்டுச் சாமானைப் பார்த்தும் நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. பிள்ளைக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பிராவில் காய்ச்சல்காரப் பிள்ளையை ஆயா சேர்க்கமாட்டாள். அதனால் நான் மலைக்குப் போகவில்லை. விடிய விடிய இழுத்துவிட்டு அப்போதுதான் மகள் என் மடியில் கண் மூடியிருந்தாள். நான் அடுப்புப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். ஓட்டை வழியாக அந்தப் பக்கத்தில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. பெரிய துரை லயம் பார்க்க வந்திருக்கிறார்.

"நல்லா இருக்கு. யார் கட்டினது?" என்று துரை தன் உடைந்த தமிழில் கேட்டார்.

"நானும் என் சம்சாரமும்தாங்க தொரைங்களே," என்றார் அக்காவின் புருஷன்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஏணி பிடித்தவருக்கு வந்த வாழ்வைப் பார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து துரையின் குரல் மாறியது.

"கூரையை வெட்டினது யார்? தோட்டத்துக் கூரை!"

பிறகு அக்காவின் குரல் கேட்டது. கஞ்சி வைத்துக் கொடுத்தவளின் அதே குரல். "பின்பக்கத்து ஸ்டோர்க்காரருங்க. வேணாம் வேணாம்னு நாங்க எவ்வளவோ சொன்னோம். அவங்க கேக்கலீங்க."

ஓடிப்போய் அவள் முகத்துக்கு நேரே கத்தியிருப்பேன். நான் வாய் மூடிக் கிடக்கிறவள் இல்லை என்று தோட்டத்துக்கே தெரியும். ஆனால் எழுந்தால் பிள்ளை விழிப்பாள். விழித்தால் திரும்பவும் இழுப்பு வரும். சப்பாத்துச் சத்தம் ரோட்டில் இறங்கிப் போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நான் வீட்டில் இருந்தது அவளுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரரை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கணக்கப்பிள்ளை ஐயாவிடம் சொல்லித்தான் வெட்டினோம் என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை. ஸ்டோர் வேலை போனது. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலைக்கு மலைக்கு அனுப்பினார்கள். மறுநாள் மேசன் வந்து, எங்கள் பக்கத்து ஓட்டையைக் கல் வைத்துச் சிமெண்டு பூசி அடைத்துவிட்டுப் போனான். அக்காவின் புகைக்கூண்டை ஒருவரும் தொடவில்லை. துரைக்குப் பிடித்த அடுப்பாயிற்றே. அந்த மாதமே அவள் புருஷன் கங்காணியானார். என் வீட்டுக்காரரின் கவ்வாத்து ஆட்களுக்கே கங்காணி.

கேட்டதையெல்லாம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கவ்வாத்துக் கத்தியைத் துடைத்து வைத்தார். "வாயத் தொறக்காத. இனிமே அவர் பேர் போட்டாத்தான் நமக்குச் சோறு," என்றார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

அக்கா அதே வாரம் லயத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இப்படிப் பண்ணிட்டாங்களே தங்கச்சி! நாங்க தொரகிட்ட எவ்வளவோ கெஞ்சிப் பாத்தோம்," என்றாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷிக்கு இவ்வளவு சுலபமாகக் கண்ணீர் வருமா? போகும்போது சொன்னாள்: "சமைக்கிற நேரத்துக்குப் பிள்ளைய எங்கிட்ட கொண்டாந்து விடு. எங்க பக்கம் பொக இல்ல."

விடமாட்டேன் என்றுதான் இருந்தேன். ஒரு வாரம் தாக்குப்பிடித்தேன். ஈர விறகின் புகையில் பிள்ளையின் உதடு நீலம் பூத்த அன்று, என் வீம்பையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு லயத்தைச் சுற்றி நடந்தேன். அக்கா கையை நீட்டினாள். நான் கொடுத்தேன்.

அன்றிலிருந்து தினமும் விடிவதற்கு முன் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. பிள்ளை தேறினாள். கன்னம் வைத்தது. அக்கா அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். அதையும் சொல்ல வேண்டும். அதுதான் எனக்கு ஆறவில்லை. வாய்விட்டுத் திட்டவும் முடியாமல், மனசு நிறைந்து கும்பிடவும் முடியாமல் அந்த வாசலில் நின்றேன்.

மறு வருஷம் ஒரு சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிவரப் போனேன். அக்கா நின்றபடி கறி கிண்டிக்கொண்டிருந்தாள். என் மகள் ஓடிவந்து சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இந்த அடுப்பப் பெரியப்பாதான் கட்டினாராம். பெரியம்மா சொன்னாங்க. நம்ம வீட்டுலயும் ஒன்னு கட்டச் சொல்லும்மா. நான் நம்ம வீட்டுலயே இருப்பேன்ல. அப்பாவுக்குக் கட்டத் தெரியாதா?"

கறிச்சட்டியில் கரண்டி நின்றது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. விடிந்தால் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்ப அந்த வாசலுக்கு வர வேண்டும்.

"அப்பாவுக்குத் தெரியாதும்மா," என்றேன் நான்.