பதினாலு பெல்ட்டும் காலை ஏழு பத்தும்

கட்டுமானக் கம்பெனியில் சரக்கு இருப்பைத் திருத்துகிற வேலை என்பது, இருப்பதை இல்லை என்றும் இல்லாததை இருக்கு என்றும் நாள் முழுக்க எழுதுகிற வேலை. என்னைப் போல இதில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஸ்டோர்களில் எண்ணி அனுப்புகிற பட்டியலை, பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் அலுவலகத்தில் நான் எழுதி வைத்திருக்கும் ஒரு சின்ன நிரல் வாங்கிக்கொள்ளும். மென்பொருளின் ஏபிஐ என்கிற நுழைவாசல் வழியாக அதைத் திருத்தப் பதிவாக உள்ளே தள்ளும். எந்தப் பொருள், எந்த ஸ்டோர், எத்தனை கூட அல்லது குறைய, என்ன காரணம். நாலு கட்டம், அவ்வளவுதான்.

கதவில்லாத ரெங்கம்

சேர்ந்த புதிதில் செய்த கூத்து இது. அந்த மென்பொருள் கேட்பது வித்தியாசத்தை, மொத்தத்தை அல்ல. ரெங்கம் ஸ்டோரில் நாற்பது கதவு இருக்க வேண்டும், நாற்பதும் இருந்தது. பூஜ்யம் என்று அனுப்ப வேண்டிய இடத்தில் கழித்தல் நாற்பது என்று அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் ஸ்டோர் பார்க்கும் முனியாண்டி அங்கிள் கூப்பிட்டார். கோபமெல்லாம் இல்லை. உண்மையாகவே பயந்துபோன குரல்.

"வாணிம்மா, நாப்பது கதவும் என் கண்ணு முன்னாடி நிக்குது, கம்ப்யூட்டரு ஒண்ணுமே இல்லைங்குது. நான் யார நம்புறது, சொல்லு லா?"

ஏழு பத்து

பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே ஸ்டோர் பொறுப்பில் இருப்பவர் கலா அக்கா. உயரத்தில் வேலை செய்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் சேஃப்டி பெல்ட் பதினாலு இருப்பதாக எண்ணி அனுப்பியிருந்தார். மென்பொருளில் பூஜ்யம். கூட்டல் பதினாலு என்று அனுப்பினேன், ஏற்றுக்கொண்டது. மறுநாள் பார்த்தால் மறுபடி பூஜ்யம்.

என் நிரலில்தான் கோளாறு என்று அரை நாள் அதைக் குடைந்தேன். பிறகுதான் பதிவைத் திறந்து பார்க்கத் தோன்றியது. காலை ஏழு பத்து. கழித்தல் பதினாலு. பதிந்தவர் பெயர் பெருமாள். காரணம் என்ற கட்டத்தில், ஆங்கில எழுத்தில் தமிழ்: 'குடுக்காதே'. மூன்று நாள் நான் கூட்டினேன். மூன்று நாளும் ஏழு பத்துக்கு அந்த மனிதர் கழித்தார். நாலாம் நாள் பொறுக்காமல் கலா அக்காவைக் கூப்பிட்டு, "யாருக்கா அந்தப் பெருமாள்? கை வைக்க வேணாம்னு சொல்லுங்க" என்றேன். 

"பெருமாள் அண்ணன் செத்து மூணு மாசம் ஆச்சும்மா. அவரு நாற்காலியிலதான் நான் இப்ப உட்கார்ந்திருக்கேன்."

சாவியை அடைத்தேன்

போனை வைத்துவிட்டு அந்தப் பெயரை மறுபடி படித்தேன். ஆனால் நம் மாதிரி ஆட்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிடும். ஆள் போய்விட்டார், மென்பொருளுக்குள் நுழைய அவர் பெயரில் இருந்த அனுமதிச் சாவியை யாரும் அடைத்து முடக்கவில்லை. தினமும் காலையில் தானாக ஓடும்படி எங்கேயோ எதையோ அமைத்து வைத்திருப்பார். தளப் பொறுப்பாளர் என்சிக் ஹலிம் வேறு நெருக்கினார். கூரைத் தகடு போட ஆட்கள் வந்துவிட்டார்கள், இருப்பு பூஜ்யம் என்று காட்டினால் ஸ்டோரிலிருந்து பெல்ட்டை எடுக்க முடியாது. பெருமாளின் சாவியை அடைத்தேன். கூட்டல் பதினாலு. மறுநாள் ஏழு பத்து தாண்டியது. பதினாலு அப்படியே நின்றது. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் மைலோ கலக்கிக் குடித்தேன்.

அன்று மத்தியானமே கலா அக்காவிடமிருந்து போன். ரஃபிக் என்ற பங்களாதேஷ்காரர் கூரை ஓரத்தில் சாய்ந்தபோது பெல்ட் பிய்ந்துவிட்டது. நேரே தரைக்குப் போயிருக்க வேண்டியவர், கீழே கட்டியிருந்த சாரப் பலகையில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நான்தான் அந்தப் பதினாலைத் திருப்பிப் போட்டவள் என்று அவருக்குத் தெரியாது. ஆறுதல் சொல்ல வந்த என்னைப் பார்த்து, மலாய் மொழியில், அக்கா என்று கூப்பிட்டு, அவரே சமாதானம் சொன்னார்.

"பரவால்ல கக்கா, பாக்குறதுக்குப் புதுசு மாதிரிதான் இருந்துச்சு."

கையெழுத்து

அங்கிருந்து ஸ்டோருக்குப் போனேன். மிச்சமிருந்த பெல்ட்டில் ஒன்றை எடுத்து நானும் கலா அக்காவும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். பெரிய பலமெல்லாம் தேவைப்படவில்லை. தையல் நனைந்த காகிதம் போல விட்டுக்கொடுத்தது. மேசை இழுப்பறையில் பெருமாளின் நோட்டுப் புத்தகம் இருந்தது. 'வெள்ளத்துல நனஞ்ச பெல்ட் 14. கழிவுக்கு எழுதிக் குடுத்தாச்சு. இன்னும் சைன் வரல.' அதற்குக் கீழே வாரா வாரம் ஒரு வரி: சைன் வரல. சைன் வரல.

கையெழுத்து வராத வரை அவரால் தூக்கிப் போட முடியாது. அதனால்தான் மென்பொருளில் அதை இல்லாமல் ஆக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். மூன்று நாள் அந்தக் 'குடுக்காதே'யைப் படித்தும் அதை ஒரு பிழையாகவே நான் நினைத்தேன். அது இன்னும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. என்சிக் ஹலிம் நோட்டை வாங்கிப் பார்த்தார். கடைசி 'சைன் வரல' மேல் விரலை வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அந்தக் கழிவு ஃபாரம் என் மேசையிலதான் இருக்கு."

அவரே முடித்தது

அன்று சாயந்திரமே அவர் கையெழுத்துப் போட்டார். பதினாலையும் வெட்டித் துண்டாக்கிக் குப்பை லாரியில் ஏற்றினோம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, கலா அக்கா பக்கத்தில் இருக்க, ஸ்டோரிலிருந்தே பதிவை அனுப்பினேன். கழித்தல் பதினாலு, காரணம் கழிவு. மென்பொருள் மறுத்துவிட்டது. இருப்பு ஏற்கெனவே பூஜ்யம், அதற்குக் கீழே போக முடியாதாம்.

திறந்து பார்த்தேன். காலை ஏழு பத்து. பெருமாள். சாவி அடைத்தது அடைத்தபடி இருந்தது. இரண்டு முறை சரிபார்த்தேன். மென்பொருள்காரர்களைக் கேட்டதற்கு, பழைய கோரிக்கை ஏதாவது வரிசையில் தங்கியிருந்து தாமதமாக வந்திருக்கலாம் என்றார்கள். இருக்கலாம். ஆனால் காரணம் என்ற கட்டத்தில் இந்த முறை 'குடுக்காதே' இல்லை. 'சரி' என்று இருந்தது. கலா அக்கா திரையைப் படித்தார். உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து தள்ளி நின்றுகொண்டார்.

"அத அழிச்சிடாதம்மா. அவரே முடிச்சிட்டாரு."

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: எண்ணைத் திருத்துவதற்கு முன்னால் காரணத்தைப் படித்துவிடுங்கள், எழுதியவர் உயிரோடு இருக்கிறாரா என்பதைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.